பிறந்த வீட்டுத் துண்டு

காலக் கொஞ்சம் தூக்கி வச்சுக்க தாயி. பயப்படாத, மீன் தண்ணிதான். பையில ஐஸ் உருகி ஒழுகுது. சிங்கம்புணரிச் சந்தையில மீன்காரன், "மதுர வரைக்கும் தாங்கும் ஆத்தா, நான் கேரண்டி"ன்னு மார்ல தட்டிச் சொன்னான். பஸ்ஸு இன்னும் கொட்டாம்பட்டி தாண்டல, அதுக்குள்ள அவன் கேரண்டி சீட்டுக்கடியில ஓடுது. கண்டக்டர் வேற மூக்கப் பிடிச்சுக்கிட்டே போறாரு. அவரு வீட்டுல தெனமும் மல்லியப்பூவுலதான் கொழம்பு வைப்பாக போல.

சன்னலத் தெறந்தா அனலு, மூடுனா கவுச்சி. எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க. நர்ஸு வேலையா? நல்லதாப் போச்சு, எனக்கு மயக்கம் வந்தா பாத்துக்கிருவ. மீன் திங்கிற ஆளுதான? அது போதும்.

நான் எதுக்கு மதுரைக்குப் போறேன்னு நீ கேக்கவே இல்ல. கேக்காட்டி என்ன, சொல்றேன். எந்தம்பி மச்சக்காளை மதுரையில கட்டடக் காண்ட்ராக்டரு. மாடி வீடு, காரு, நாயி, எல்லாம் இருக்கு. "எங்க அக்கா ஊருக் கண்மாய் மீன் வருது"ன்னு நாலு பெரிய மனுசங்கள இன்னைக்கு விருந்துக்குக் கூப்பிட்டுட்டானாம். அந்தக் கண்மாய் மீனத்தான் கொண்டுபோறேன். ஆமா, ஆந்திராவுலேருந்து லாரியில வந்ததுதான். ஏன் அப்படிப் பாக்குற? கொழம்புல விழுந்தபெறகு, "நான் இந்த ஊருக்காரன்"னு மீன் எந்திரிச்சுச் சொல்லவா போகுது?

எங்க கண்மாய்ல மீன் இல்லையான்னு கேளு. இருந்துச்சு. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துச்சு. இப்ப இல்லாமப் போனதுக்கு முழுக் காரணம் எங்க வீட்டுக்காரரு. அதுக்காக இன்னைக்கு நாலு மணிக்குக் கண்மாய்க்கரையில கூட்டம் போட்டு, அவுக கையிலேருந்து துண்டப் பிடுங்கி அவுக தம்பி கையில குடுக்கப் போறாக. அந்தக் கண்றாவியப் பாக்கச் சகிக்காமத்தான் நான் பஸ் ஏறுனேன். மீனெல்லாம் ஒரு சாக்கு.

துண்டுன்னா ஒனக்கு என்ன தெரியப்போகுது. சொல்றேன் கேளு. எங்க ஊரு நெடுவயப்பட்டி. மழையில நெறஞ்ச கண்மாய் கத்திரி வெயில்ல வத்தி இடுப்பளவு தண்ணிக்கு வந்ததும் ஊரே எறங்கி மீன் பிடிக்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு தூண்டி போடக்கூடாது. நாளு குறிச்சதும் சுத்துப்பட்டு ஊருக்காரக எல்லாம் விடியமுந்தி ஊத்தாவத் தூக்கிக்கிட்டு வந்து கரையில நிப்பாக. ஊத்தான்னா அடியில்லாத கூடை தாயி. தண்ணியில குத்தி, உள்ள மாட்டுன மீன மேல் ஓட்டை வழியா கைய விட்டு எடுக்கணும். ஆயிரம் பேரு ஊத்தாவோட நின்னாலும், எங்க வீட்டுக்காரரு சாமி கும்பிட்டுட்டு வெள்ளைத்துண்ட வீசுற வரைக்கும் ஒரு காலு தண்ணியில படாது. வீசிட்டா அம்புட்டுத்தான், கண்மாயே கலங்கிப் போகும். பிடிச்ச மீன விக்கக்கூடாது. அன்னைக்கு ஊர்ல எந்த வீட்டுல நொழஞ்சாலும் மீன் கொழம்புதான்.

என்னைக்கு வீசணும்னு நாளு சொல்றதும் துண்டுக்காரருதான். எப்படிச் சொல்வாக தெரியுமா? விடிகாலையில போய் முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டுக் கண்ண மூடிக்கிட்டு நிப்பாக. அடியில சூடு எம்புட்டு, மீனு எம்புட்டு நாள் தாங்கும்னு கைக்குத் தெரிஞ்சிருமாம். இருவத்தாறு வருசமா ஒரு தடவகூடத் தப்பல. மீன் எப்ப மூச்சு முட்டும்னு தெரியுது, பொண்டாட்டி எப்ப மூச்சு முட்டுவான்னு மட்டும் அந்தக் கைக்குத் தெரியாது.

இதுல எங்க பொம்பளைகளுக்கும் ஒரு பங்கு இருக்கு. அந்தத் துண்டு வருசா வருசம் புதுசா இருக்கணும். துண்டுக்காரரு பொண்டாட்டியோட பிறந்த வீட்டுலேருந்துதான் அது வரணும். அவ அப்பனோ கூடப்பிறந்தவனோ கரையில வச்சு, ஊரு பாக்க, துண்டுக்காரரு தோள்ல அதப் போடணும். எங்க அப்பா இருந்த வரைக்கும் அவரு வந்தாரு. அப்புறம் எந்தம்பி வந்தான். அப்புறம் அவன் காண்ட்ராக்டராயிட்டான்.

மூணு வருசமா வரல. வேல ஜாஸ்தி தாயி, ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அதுக்காகத் துண்டு இல்லாம இருக்க முடியுமா? நானே சிங்கம்புணரிக்குப் போய் ஒரு துண்டு வாங்கியாந்து, "தம்பி பார்சல்ல அனுப்பிட்டான்"னு சொல்லிருவேன். ஊரு நம்புச்சு. இவுகளும் நம்பிட்டாக. மூணு வருசமும் அந்தத் துண்டக் கண்ணுல ஒத்தித்தான் தோள்ல போட்டாக. போன வருசம் நான் ஒரு கூறுகெட்டவ, சிங்கம்புணரிக் கடை லேபிளக் கிழிக்க மறந்துட்டேன். இவுக அத மெதுவாப் பிச்சு மடியில செருகிக்கிட்டுக் கரைக்குப் போனாக. எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்க மாட்டாக. கண்ணாடி போட்டாத்தான் அவுகளுக்கு எழுத்துத் தெரியும். கண்ணாடி போட்டிருந்தாக, ஆனாலும் படிச்சிருக்க மாட்டாக.

இரு, போன் அடிக்குது. "ஆ, தம்பி... பஸ்லதான் வர்றேன்... ஆமா, கண்மாய் மீனுதான், பின்ன... விராலா? விரால் இந்த வருசம் கம்மிடா, கெண்டதான்... உங்க மாமாவா? நல்லா இருக்காக. சரி, சரி." பாத்தியா, மாமாவ ஒரு வார்த்த கேட்டான். பாசக்காரன்.

எங்க விட்டேன்? ஆங், என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரு தம்பி பொண்டாட்டி, சிட்டம்மா. அவளுக்கு அண்ணன் தம்பி நாலு பேரு. நாய் குட்டி போட்டாக்கூட நாலு பேரும் தட்டு வரிசையோட வந்து நிப்பாங்ய. இந்த வருசம் ரேசன் கடை வரிசையில நிக்கிறேன், எனக்குக் கேக்கணும்னே பின்னால நின்னு சொல்றா: "பார்சல்ல சீரு வர்ற காலமாப் போச்சு. நாளைக்குத் தம்பியும் பார்சல்ல வருவான் போல." நான் சும்மா வந்திருவேனா? என் வாயி ஏழு ஊருக்குத் தெரிஞ்ச வாயி. "இந்த வருசம் எந்தம்பி கார்ல வருவான், உன் கண்ணு முன்னால மச்சான் தோள்ல துண்டு போடுவான், பாத்துக்கிட்டே நில்லுடி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வந்து தம்பிக்குப் போனப் போட்டேன். அவனும், "ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா, சத்தியமா"ன்னான். அது செவ்வாக்கிழமை.

புதன்கிழமை விடிய இவுக கண்மாய்க்குப் போயிட்டு வந்தாக. வெயிலு அந்த வாரம் எப்படின்னு ஒனக்கே தெரியும். குழாயத் தெறந்தா காப்பி போடுற பதத்துல தண்ணி வருது. ஒரு வாய் காப்பியக்கூடத் தொடல. வாசப்படியில உக்காந்து, "மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது அடைக்கம்மா. தாங்காது. நாளைக்கு விடிய துண்டு வீசிறணும், ஊருக்குச் சொல்லிவிடப் போறேன்"னாக.

எனக்கு வந்துச்சு பாரு. "அதெப்படி நாளைக்கு? எந்தம்பி ஞாயித்துக்கிழமைல வர்றான்"னேன்.

"மீனுக்கு அது தெரியாதே தாயி"ன்னாக.

இந்த நையாண்டிக்கெல்லாம் கொறச்சல் இல்ல. நான் விடல. "முப்பத்தோரு வருசத்துல உங்ககிட்ட என்ன கேட்டேன்? ஒரு பொட்டுத் தங்கம் கேட்டேனா? நாலு நாள் கேக்குறேன். அந்தச் சிட்டம்மா முன்னால நான் தலகுனிஞ்சு நிக்கணுமா? நாளைக்கு வீசுனீகன்னா, அந்த மீன நீங்களே கொழம்பு வச்சு நீங்களே தின்னுக்கங்க, நான் மதுரைக்குப் போயிருவேன்"னேன். மனுசின்னா ஒரு கோவத்துல பேசுறதுதான? பேசுனா, நம்மள ஒரு அதட்டுப் போடணும்ல? "போடி இவளே"ன்னு துண்ட உதறிப் போட்டுட்டுப் போறவன்தான ஆம்பள? இவுக என்ன பண்ணாக? கொஞ்ச நேரம் தன் கையவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்புறம், "சரி, ஞாயித்துக்கிழமை"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாக. ஊர்லயும் அப்படியே சொல்லிட்டாக. இப்படி ஒரு ஆளோட குடும்பம் நடத்துறதுதான் என் தலையெழுத்து.

சொல்லிட்டு வந்து கம்முன்னு இருக்க வேண்டியதுதான? அதுவும் இல்ல. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இந்த மனுசன் பண்ணுன கூத்த நீ பாத்திருக்கணும். ஆயில் எஞ்சின வாடகைக்குப் பிடிச்சாந்து, கண்மாய்த் தண்ணிய எடுத்துக் கண்மாய்க்குள்ளயே ஊத்துனாக. தண்ணி மேலேருந்து விழுந்தா மீனுக்குக் காத்துக் கெடைக்குமாம். எஞ்சினு ரெண்டு மணி நேரம் ஓடிட்டு, "எனக்கே காத்து இல்ல"ன்னு நின்னுபோச்சு. அப்புறம் தென்னமட்டையா வெட்டிப் போட்டு மீனுக்குப் பந்தல் போட்டாக. அப்புறம் ஒரு வாளிய எடுத்துக்கிட்டு, உச்சி வெயில்ல, இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, மொண்டு மொண்டு தலைக்கு மேல தூக்கி ஊத்துறாக. ஒரு வாளி, ஒரு கண்மாய். கரையில போறவக எல்லாம் நின்னு சிரிச்சாக. நானும் சிரிச்சேன். கூழு கொண்டுபோனப்ப, "மீனுக்கு விசிறியும் வாங்கியாரவா?"ன்னு கேட்டேன்.

அவுக சிரிக்கல. "ரெண்டு நாள்தான, இழுத்துப் பிடிச்சிருவோம்"ன்னாக. வீட்டுக்கு வந்து கால நீட்டுனாக, முழங்காலுக்குக் கீழ தோலு வெந்து வெள்ளையாக் கெடந்துச்சு. வெளக்கெண்ண தடவிவிட்டேன். தடவிக்கிட்டே திட்டுனேன். தடவுறப்ப என்ன பேசாமயா இருக்க முடியும்.

சனிக்கிழமை விடிய எங்கள எழுப்புனது மீன் நாத்தம்தான் தாயி.

நான் போய்ப் பாத்தேன். கண்மாய் பூராம் வெள்ளையாக் கெடந்துச்சு. கெண்டயும் சிலேபி மீனும் அம்புட்டும் வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது. அந்தத் தென்னமட்டப் பந்தலுக்கடியிலதான் நெறையாக் கெடந்துச்சு, நெழலு தேடி வந்திருக்கும்ல. விராலு மட்டும் சேத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிருச்சு. அதுக்குப் பொண்டாட்டி கெடையாதுபோல, பொழச்சுக்கிருச்சு. இவுக தண்ணிக்குள்ள நின்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கரையில போட்டுக்கிட்டு இருக்காக. கூப்பிட்டேன், திரும்பல.

மீன் செத்த சேதியச் சொல்லிவிட்டும் ஞாயித்துக்கிழமை பாதிப்பேரு வந்துட்டாக. அம்புட்டுப் பேரும் வெறும் ஊத்தாவோட, மூக்கப் பொத்திக்கிட்டுக் கரையில நிக்கிறாக. சிட்டம்மாவோட நாலு அண்ணன் தம்பியும் வந்துட்டாங்ய. எந்தம்பியா? பத்து மணிக்குப் போன் பண்ணுனான். கார்ல ஏசி வேல செய்யலயாம். "இந்த வெயில்ல ஏசி இல்லாம எப்படிக்கா வர்றது? என் பங்கு மீன மட்டும் எடுத்து வையி"ன்னான். நியாயந்தான? ஏசிக்குப் பழகுன ஒடம்பு, அவன் என்ன பண்ணுவான் பாவம். "எடுத்து வைக்கிறேன் தம்பி"ன்னுட்டேன். அவன்கிட்டப் போய், மீனெல்லாம் செத்துப்போச்சு, உங்க மாமாவ ஊரே சுத்தி நின்னு கேள்வி கேக்குதுன்னு சொல்லி அவன் மனசக் கஷ்டப்படுத்தவா?

கேள்வி கேட்டாக. நல்லாக் கேட்டாக. "புதன்கிழமையே மீன் மேல வந்ததே, எங்க கண்ணுக்கே தெரிஞ்சதே, உனக்குத் தெரியலையா? எதுக்கு ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளுன?"ன்னு கேட்டாக. நான் பொம்பளைக கூட்டத்துல நிக்கிறேன். இப்பச் சொல்லப்போறாக, 'எம்பொண்டாட்டி சொன்னா'ன்னு சொல்லப்போறாக, ஊரே என் பக்கம் திரும்பப்போகுது, சிட்டம்மா சிரிக்கப்போறான்னு நிக்கிறேன்.

என்ன சொன்னாக தெரியுமா? தன் வலது கையத் தூக்கிக் காமிச்சு, "வயசாயிப்போச்சப்பா. கைக்குச் சூடு தெரியல"ன்னாக.

கேட்டியா அந்தக் கூத்த? கைக்குச் சூடு தெரியலயாம். புதன்கிழமை அந்தக் கைய வச்சுக்கிட்டுத்தான "தாங்காது"ன்னு சொன்னாக. எங்கிட்டத்தான சொன்னாக. இருவத்தாறு வருசம் தப்பாத கை, அந்தக் கையப் பத்தி இவுகளே பொய் சொல்றாக. ஊர்க்காரக, "அப்பச் சரி, கை போனபெறகு துண்டு எதுக்கு? புதன்கிழமை கூட்டம் போட்டு மாத்திக் குடுத்திருவோம்"னு முடிச்சுட்டாக. இவுக அதுக்கும் தலைய ஆட்டுனாக. வீட்டுக்கு வந்தாவது ரெண்டு வார்த்த என்னத் திட்டலாம்ல? "எல்லாம் உன்னாலதான்டி"ன்னு ஒரு சொம்பத் தூக்கி எறியலாம்ல? "சாப்பிட்டியா?"ன்னு கேக்குறாக. மூணு நாளா அதேதான். திட்டுனா நானும் பதிலுக்குத் திட்டிட்டு ஆறிப்போவேன். சாப்பிட்டியான்னு கேக்குற மனுசன்கிட்ட என்னத்தப் பேசுறது? சோறே எறங்க மாட்டேங்குது தாயி.

இல்ல, அழுகல. வெயிலு கண்ணுல அடிக்குது. அந்தத் திரைய இழுத்துவிடு.

என்ன கேட்ட? துண்டு இல்லாததாலதான் வீச முடியலையான்னா கேக்குற? துண்டு இல்லாம என்ன? இருந்துச்சே. போன மாசமே வாங்கிட்டேன். தம்பி வந்தா வரட்டும், வராட்டியும் இருக்கட்டும்னு வாங்கி, அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். இந்தா, இந்தப் பையிலதான் அடியில கெடக்கு. வீட்டுல வச்சா இவுக கண்ணுல பட்டுரும்ல, அதான் தம்பி வீட்டுல கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துருவோம்னு எடுத்தாந்தேன்.

ஏன் தாயி அந்தப் பையவே பாக்குற?

வியாழக்கிழமை வீசியிருக்கலாம்னுதான நெனைக்கிற. துண்டு பானைக்குள்ள இருந்துச்சு, கண்மாய்ல மீனு உசுரோட இருந்துச்சு, வீசியிருக்கலாம்தான். யாரு இல்லைன்னா. நீ ஒண்ணும் புதுசாச் சொல்லிறல. சனிக்கிழமையிலேருந்து நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன், எனக்குள்ள. வெளிய சொன்னதுதான் இல்ல.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். தம்பிதான். எம்புட்டு மீனுன்னு கேப்பான். அதுக்கு ஏசி போட்டுக்கிட்டே காத்திருக்கட்டும்.

மணி என்ன? ஒண்ணே முக்காலா? இது மேலூரு ஊருக்குள்ள வந்துருச்சுல்ல? மேலூர்லேருந்து சிங்கம்புணரிக்கு இப்ப ஒரு பஸ் இருக்கும். மூணுக்குள்ள எறங்குனா, ஆட்டோ பிடிச்சு நாலு மணிக்குள்ள கண்மாய்க்கரைக்குப் போயிரலாம்.

நீ ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத. நான் பண்ணுனது தப்புன்னு ஒத்துக்கவெல்லாம் போகல. துண்டு சிட்டம்மா வீட்டுக்குப் போயிரக்கூடாதுல்ல, அதுக்குத்தான். அந்த மனுசனுக்கு வாயி கெடையாது. இன்னைக்கும் அந்தக் கையத் தூக்கிக் காமிச்சுக்கிட்டு, பொய்யச் சொல்லிக்கிட்டு, துண்டக் குடுத்துட்டு வந்துருவாக. அந்தக் கைய ஊரு முன்னால இன்னொருக்கா அப்படித் தூக்க விடமாட்டேன் தாயி. இந்தச் சிங்கம்புணரிக் கடை லேபிள் ஒட்டுன துண்டக் கூட்டத்துக்கு நடுவுல போட்டாலே போதும், நான் ஒண்ணுமே பேசத் தேவையில்ல. ஆனாலும் பேசுவேன்.

கண்டக்டர் தம்பி, நிப்பாட்டச் சொல்லு, எறங்கணும். மதுரைக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், அதுக்கென்ன இப்ப? மீன் நாத்தம் எறங்குதேன்னு சந்தோசப்படு.

அட, மீன் எறங்கல தாயி. இந்தா, இந்தப் பைய நீ வச்சுக்க. வேணாங்காத. துண்ட மட்டும் எடுத்துக்கிறேன். வீட்டுக்குப் போனதும் மொத வேலையா உப்பும் மஞ்சளும் போட்டு அலசி அம்மாகிட்டக் குடு, இன்னைக்கே ஆக்கிறணும். ஒண்ணே ஒண்ணு. யாரு கேட்டாலும் ஆந்திரா மீனுன்னே சொல்லு. எங்க கண்மாய் மீன் இதவிட நல்லா இருக்கும்.